கல்லூரி டேக்கிள் என்.எஃப்.எல்.லுக்குத் தேறுவாரா? மூன்றாவது டவுனில் பாருங்கள்

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில் மிட்வெஸ்ட் பகுதியில் இருக்கிறோம். மகன் படிக்கும் பல்கலைக்கழக ஃபுட்பால் அணியின் இடது டேக்கிளைப் பற்றித்தான் (பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கைக் காக்க முன்வரிசையின் இடது ஓரத்தில் நிற்பவர்) வீட்டில் எப்போதும் பேச்சு. உயரம் 6 அடி 4 அங்குலம், எடை 312 பவுண்டு. இந்த சீசனில் அவர் விட்ட சாக் (குவார்ட்டர்பேக் பந்தை எறியும் முன்பே எதிராளி அவரைச் சாய்ப்பது) இரண்டே இரண்டு. தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில் முதல் ரவுண்டு நிச்சயம் என்கிறான் மகன். கை நீளம் 32.5 அங்குலம்தான், டேக்கிளுக்கு உள்பக்கம் நிற்கும் கார்டாகத்தான் ஆட முடியும் என்கிறார்கள் டி.வி.யில். எனக்கோ கண் பந்துக்குப் பின்னால்தான் ஓடுகிறது. இவர் ஆட்டத்தை நானே பார்த்து ஒரு முடிவுக்கு வர எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் அந்த சாக் கணக்கைத் தூக்கி ஓரமாக வையுங்கள். கல்லூரி ஆட்டத்தில் ஒரு டேக்கிளின் குறையை மறைக்கப் பயிற்சியாளருக்கு நிறைய வழிகள் உண்டு. ஸ்னாப் ஆகி, அதாவது பந்து ஆட்டத்துக்கு வந்து, இரண்டு நொடிக்குள் குவார்ட்டர்பேக் பந்தை எறிந்துவிட்டால், எதிராளி டேக்கிளைத் தாண்டி வந்தாலும் சாக் விழாது. அப்புறம் ஆர்.பி.ஓ. (ரன்-பாஸ் ஆப்ஷன்) என்ற உத்தி இருக்கிறது. பந்தை ஓட்டத்துக்குக் கொடுப்பதா, எறிவதா என்று ஸ்னாப்புக்குப் பிறகுதான் குவார்ட்டர்பேக் முடிவு செய்வார். அதுவரை முன்வரிசையில் இருக்கும் ஐந்து லைன்மேன்களும் ஓட்டத்துக்கு இடிப்பது போலவே முன்னால் பாய்ந்து இடிப்பார்கள். பாஸ் பறப்பதற்குள் லைன்மேன் 3 யார்டு வரை முன்னே போகலாம் என்பது கல்லூரி விதி, என்.எஃப்.எல்.லில் 1 யார்டுதான். ஆக, கல்லூரியில் இந்த உத்தி தாராளமாக ஓடும். புள்ளிவிவரத்தில் அது பாஸ் ஆட்டமாகப் பதிவாகும், சாக் பூஜ்யம் என்றும் வரும். ஆனால் பின்வாங்கி நின்று குவார்ட்டர்பேக்கைக் காக்கும் வேலையை அந்த டேக்கிள் செய்திருக்கவே மாட்டார்.

சேப்பாக்கத்தில் ஸ்பின்னை வெளுப்பவர் பெர்த்தில் பவுன்சரை எப்படி ஆடுவார் என்று சேப்பாக்கத்து ஸ்கோர் சொல்லாது, இல்லையா? இதுவும் அந்தக் கதைதான். கிரெக் ராபின்சனை எடுத்துக்கொள்ளுங்கள். ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் இடது டேக்கிள். ஓட்டத்தையே நம்பி ஆடிய அணி அது. 332 பவுண்டு உடம்போடு 40 யார்டை 4.92 நொடியில் ஓடினார். பார்த்தவர்களுக்குத் தலை சுற்றியது. 2014 டிராஃப்டில் ராம்ஸ் அணி இரண்டாவது ஆளாக அவரை எடுத்தது. பாஸின்போது குவார்ட்டர்பேக்கைக் காப்பது அவருக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. 2017-இல் டிராஃப்டின் ஆறாவது ரவுண்டில் ஒரு வாய்ப்புக்காக டெட்ராய்ட் அணியிடம் தள்ளிவிட்டார்கள்.

அதனால் நீங்கள் செய்ய வேண்டியது ஆட்டங்களைச் சல்லடை போட்டுச் சலிப்பதுதான். மூன்றாவது டவுன் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சியில் மூன்றாவது), இன்னும் 7 யார்டுக்கு மேல் தேவை. அல்லது அணி பின்தங்கியிருக்கிறது, கடைசி இரண்டு நிமிடம். இந்த ஆட்டங்களை மட்டும் எடுங்கள். பாஸ்தான் வரப்போகிறது என்று மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும், எதிராளி ஓட்டத்தைப் பற்றிக் கவலையே படாமல் முழு வேகத்தில் வருவார். என்.எஃப்.எல்.லில் ஒரு டேக்கிளுக்குச் சம்பளம் கொடுப்பதே இந்தச் சூழ்நிலைக்குத்தான். மூன்று நான்கு மேட்ச்சில் இப்படி இருபது முப்பது ஸ்னாப் தேறும். ரெக்கார்டு செய்துவைத்து, பந்தை மறந்து, அவர் நம்பரிலேயே கண்ணை வைத்து, ஒவ்வொன்றையும் மூன்று முறை ஓட்டிப் பாருங்கள்.

முதல் முறை கால் மட்டும். இடது டேக்கிள் இடது காலைப் பின்னால் வைத்து வலது காலை அதோடு இழுத்துக்கொண்டே போவார். கிக் ஸ்லைடு என்பார்கள். இரண்டு குதிகாலும் ஒட்டிக்கொள்ளக் கூடாது. ஒட்டிய அந்தக் கணத்தில் எதிராளி நெஞ்சில் ஓர் இடி இடித்தால் தாங்க அடித்தளம் இருக்காது. இன்னொன்று, வெளிப்பக்கம் ஓடிவருபவரைக் கண்டு பயந்து இடுப்பைச் சீக்கிரமே பக்கவாட்டில் திருப்பிவிடுகிறாரா என்று பாருங்கள். அப்படித் திருப்பினால் உள்பக்கம் முழுக்கத் திறந்துவிடும், விவரமான ரஷர் (குவார்ட்டர்பேக்கைப் பிடிக்கப் பாய்ந்து வருபவர்) ஒரே எட்டில் உள்ளே வெட்டிவிடுவார். முழங்காலை மடித்து உட்காருகிறாரா, இடுப்பை வளைத்துத் தலையை முன்னே நீட்டுகிறாரா என்பதும் இதே ஓட்டத்தில் தெரிந்துவிடும். இடுப்பை வளைக்கும் பழக்கம் சுலபத்தில் போகாது. நான் இதற்குத்தான் அதிக மதிப்பெண் குறைப்பேன்.

இரண்டாவது முறை கை. இரண்டு கையையும் ஒன்றாக வீசுபவரை ரஷர் ஒரே தட்டில் தள்ளிவிட்டுப் போய்விடுவார். ஒரு கையைக் காட்டி மறு கையை நிறுத்திவைப்பவர் பாடம் படித்தவர். கைகள் எதிராளியின் நெஞ்சுக்குப் போகாமல் தோளுக்கு வெளியே போனால், நடுவர் ஹோல்டிங் (ஆளைப் பிடித்து நிறுத்தும் தவறு) என்று கொடி வீசுவது இன்றில்லாவிட்டாலும் நாளை நடக்கும்.

மூன்றாவது முறை, அவர் தோற்ற பிறகு என்ன செய்கிறார் என்பது. தோற்காத டேக்கிள் கிடையாது. நேரே முட்டித் தள்ளும் புல் ரஷில் இரண்டு எட்டு பின்னால் போனாலும் பரவாயில்லை, அங்கே இடுப்பை இறக்கி நின்றுவிட்டால் சரி. குவார்ட்டர்பேக்கின் மடி வரைக்கும் தள்ளப்பட்டால்தான் கவலை. தாண்டிப் போனவரைப் பின்னாலேயே துரத்தி, குவார்ட்டர்பேக்கைச் சுற்றிய பாதுகாப்பு வளையத்துக்கு வெளியே தள்ளிவிடும் டேக்கிளுக்கு நான் தனி மரியாதை வைத்திருக்கிறேன். சாக் கணக்கில் தெரியாத வேலை அது. ரஷர்கள் இருவர் குறுக்கே இடம் மாறி வரும் ஸ்டண்டின்போது பக்கத்து கார்டோடு ஆளை மாற்றிக்கொள்ளத் தெரிகிறதா என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம்.

இப்படிப் பார்க்க ஒரு நல்ல உதாரணம் 2019-இல் நார்த்வெஸ்டர்ன், ஒஹையோ ஸ்டேட் மேட்ச். நார்த்வெஸ்டர்ன் 52-3 என்று நசுங்கியது. ஆனால் அவர்கள் இடது டேக்கிள் ரஷான் ஸ்லேட்டர், சேஸ் யங்கை எதிர்கொண்ட விதத்தை ஸ்கவுட்டுகள் மறக்கவில்லை. யங் அடுத்த டிராஃப்டில் இரண்டாவதாகப் போனவர். ஸ்லேட்டர் கொரோனாவால் 2020 சீசனில் ஆடவே இல்லை, கை நீளமும் சரியாக 33 அங்குலம்தான். ஆனாலும் 2021-இல் சார்ஜர்ஸ் அவரை 13-ஆவதாக எடுத்து, இடது டேக்கிளாகவே நிறுத்தியது. முதல் வருடமே, சீசனின் சிறந்த வீரர்களுக்கான புரோ பவுலுக்குத் தேர்வானார்.

சரி, அந்த 32.5 அங்குலம். கை நீளத்தை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ள மாட்டேன். வெளிவரிசையில் ரஷருக்கு ஓடிவர இடம் இருக்கிறது. அவர் கை நீளமாக இருந்தால் முதலில் தொடுவது அவராகத்தான் இருக்கும். குட்டைக் கை டேக்கிள் காலை இன்னும் சீக்கிரம், இன்னும் துல்லியமாக வைத்தாக வேண்டும். கார்டுக்கு இடம் குறுகல் என்பதால் அந்தப் பாதிப்பு குறைவு. நோட்ர டேமில் இடது டேக்கிளாக ஆடிய சாக் மார்ட்டினுக்குக் கை 33-ஐ விடக் கொஞ்சம் குறைவு. டல்லாஸ் 2014-இல் எடுத்து கார்டாக மாற்றியது, ஒன்பது புரோ பவுல் போனார். பீட்டர் ஸ்கரான்ஸ்கிக்கு 32.25; டென்னசி 2023-இல் 11-ஆவதாக எடுத்து இடது கார்டில் வைத்தது. மறுபக்கம் எல்.எஸ்.யு. பல்கலைக்கழகத்தின் வில் கேம்பெல். டிராஃப்டுக்கு முன் வீரர்களை அளந்து சோதிக்கும் கம்பைனில் 32⅝ வந்தது, பிறகு அவர் கல்லூரியில் அளந்தபோது 33 வந்தது. சில வாரத்தில் கை வளராது, டேப் பிடிப்பவரைப் பொறுத்தது. 2025-இல் பேட்ரியட்ஸ் நான்காவதாக எடுத்து இடது டேக்கிளாகவே இறக்கியது. ஆக, இந்த அளவு எந்த இடத்தில் ஆடுவார் என்ற கேள்வியை எழுப்பும். ஆடத் தெரியுமா என்பதற்குப் பதில் சொல்லாது.

இண்டியானாபொலிஸில் நடக்கும் கம்பைனில் 40 யார்டு ஓட்டத்தைக் கண்டு மயங்க வேண்டாம். லைன்மேன் ஒரே மூச்சில் 40 யார்டு ஓடும் சந்தர்ப்பம் சீசனுக்கு எத்தனை வரும்? முதல் 10 யார்டு நேரம், நின்ற இடத்திலிருந்து தாண்டும் தூரம், இவை ஏதோ சொல்லும். ஒர்லாண்டோ பிரவுன் ஜூனியர் 2018-இல் 5.85 நொடி ஓடி, 225 பவுண்டை 14 முறை மட்டுமே தூக்கி, மூன்றாவது ரவுண்டுக்குச் சரிந்தார். அப்புறம் நான்கு புரோ பவுல்.

ஓட்டத்துக்கு வழி திறக்கும் ரன் பிளாக்கிங்கில் ஆளைத் தரையில் சாய்க்கும் கிளிப்புகள் பார்க்க ஜோர். நீங்கள் பார்க்க வேண்டியது, ஐந்து யார்டு தள்ளி, எதிரணியின் இரண்டாவது வரிசையில் நகர்ந்துகொண்டிருக்கும் லைன்பேக்கரைப் போய்த் தொட முடிகிறதா என்பது மட்டும்.

உங்கள் வீட்டு வழக்குக்கு வருகிறேன். இந்த அளவுகளுக்கு, பல அணிகள் முதலில் எழுதுவது 'கார்டு' என்றுதான். அதற்காக முதல் ரவுண்டு இல்லை என்று ஆகிவிடாது. குவென்டன் நெல்சன் கார்டாகவே 2018-இல் ஆறாவதாகப் போனார், ஆனால் அவர் அபூர்வம். மூன்றாவது டவுன் ஸ்னாப்புகளில் கால் நேரத்துக்கு வந்து, தோற்றபோதும் மீண்டுவிட்டால், டேக்கிளாக ஆடவைத்துப் பார்க்க ஏதோ ஒரு அணி முன்வரும், அப்போது மகன் சொல்வது நடக்கலாம். கடைசி வருட மாணவராக இருந்து, டிராஃப்டுக்கு முன் மொபீலில் நடக்கும் காட்சி ஆட்டமான சீனியர் பவுலுக்குப் போனால், பயிற்சியில் அவரைக் கார்டாக நிறுத்துகிறார்களா என்று கவனியுங்கள். அங்கே ஒருவருக்கு ஒருவர் மோதும் பயிற்சி ரஷருக்குத்தான் சாதகம் என்பதால் ஓரிரு தோல்வியைப் பெரிதாக எடுக்க வேண்டாம். இப்போதைக்கு, சீசன் தொடக்கத்தில் வந்து அடி வாங்கிப் போன சின்ன அணிகளின் மேட்ச்சை விட்டுவிடுங்கள். எதிரணியில் டிராஃப்டுக்குப் போகும் ரஷர் இருந்த இரண்டு மேட்ச்சிலிருந்து ஆரம்பியுங்கள்.