கார் டயருக்கு எந்தப் பாலிஷ் வாங்கலாம்?

டயர் பளபளவென்று இருக்க வேண்டும், வெடிப்பும் விடக்கூடாது, எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். பால் மாதிரி வெள்ளையாக இருப்பதை வாங்குங்கள். தெளிவாக, எண்ணெய்ப் பிசுக்கோடு, மண்ணெண்ணெய் வாடை அடித்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

வெள்ளையாக இருப்பது தண்ணீரில் சிலிக்கோன் கலந்தது, மற்றது பெரும்பாலும் பெட்ரோலியக் கரைப்பானில் கலந்தது. மினுமினுப்பு என்னவோ அதில்தான் அதிகம், நானும் முதலில் அதற்குத்தான் மயங்கினேன். பூசிய கையோடு பைபாஸில் ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் என் வெள்ளைக் காரின் கதவில் கீழ்ப்பாதி முழுக்க மை தெளித்த மாதிரி கரும்புள்ளிகள், சக்கரம் சுற்றச் சுற்ற மிச்ச எண்ணெய் அழுக்கோடு சேர்ந்து வாரியடித்திருக்கிறது, அதைத் துடைத்தெடுக்கவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. போதாக்குறைக்கு மறுநாள் செம்மண் ரோட்டில் போனதில் தூசி அத்தனையும் டயரில் அப்பிக்கொண்டது.

பாதுகாப்பு விஷயத்துக்கு வருகிறேன். டயர் பழுப்பாவதை எல்லோரும் அழுக்கு என்றே நினைக்கிறோம், முழுக்க அப்படியில்லை. காற்றில் இருக்கும் ஓசோன் வாயு பட்டு ரப்பர் வெடிக்காமலிருக்க, டயர் செய்யும்போதே ஒரு ரசாயனம் சேர்க்கிறார்கள். அது கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்து, காற்று பட்டுப் பழுப்பாகிறது. வண்டி ஓடி டயர் நெளிய நெளியத்தான் அது நன்றாக மேலே வரும், மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த காரில் டயர் சீக்கிரம் வெடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கறுப்பு நிறம் தரும் கார்பன் பிளாக்கும் வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும். அதனால் 'வெடிப்பைத் தடுக்கும்' என்று பாட்டிலில் போட்டிருப்பதற்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்காதீர்கள், வாரம் ஒருமுறை காற்று பார்ப்பது இதைவிட உருப்படியான வேலை.

நான் இப்போது வைத்திருப்பது மெக்வயர்ஸ் ஹைப்பர் டிரெஸ்ஸிங். ஒரு பங்குக்கு நாலு பங்கு வரை தண்ணீர் கலக்கலாம், ரொம்ப நாள் வரும். ஆனால் எதைப் பூசினாலும் முதலில் ஷாம்பு போட்டுப் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். நுரை பழுப்பாக வரும், வெள்ளையாகும்வரை விடாதீர்கள். நன்றாகக் காய்ந்த பிறகு ஸ்பாஞ்சில் மெல்லிசாகத் தடவி, கால் மணி நேரம் கழித்துப் பழைய பனியன் துணியால் ஒற்றியெடுங்கள், இந்த ஒற்றியெடுப்பதைத்தான் நான் அன்றைக்குச் செய்யவில்லை. அப்புறம், வாட்டர் சர்வீஸில் "டீசல் அடிக்கட்டுமா சார்?" என்பார்கள், டயர் பக்கமே வேண்டாம் தம்பி என்று சொல்லிவிடுங்கள், டீசல் ரப்பரை உப்ப வைக்கும்.

ஏற்கெனவே வெடிப்பு இருந்தால் பாலிஷ் அதை மறைக்கும், அவ்வளவுதான். டயரின் பக்கவாட்டில் டிஓடி (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரத்தில் செய்தது. அவ்வளவு பழசாக இருந்தால் பாலிஷை விட்டுவிட்டு டயர் கடைக்குப் போங்கள்.

பூசுவது பக்கவாட்டில் மட்டும், ரோட்டில் படும் பட்டன் பக்கம் கூடவே கூடாது. மிச்சம் இருக்கிறதே என்று பைக் டயருக்கும் தடவிவிடாதீர்கள், வளைவில் சாயும்போது அந்த ஓரம்தான் ரோட்டில் படும்.