வாசகர் கேள்வி பதில்: பதினேழு வயதில் கேட்ட பாட்டு

கேள்வி: எனக்கு 52 வயது ஆகிறது. வேலை முடிந்து வீடு திரும்பினால், இளமையில் கேட்ட பாடல்களையும் அப்போது பார்த்துத் தீர்த்த படங்களையுமே தேடிப் போடுகிறேன். புதிதாக எதையும் தொட மனம் வருவதில்லை. மனம் லேசாகிறது என்பது உண்மை. ஆனாலும் நிகழ்காலத்துக்கு முகம் கொடுக்காமல் ஒளிந்துகொள்கிறேனோ என்ற உறுத்தல் இருக்கிறது. இது ஒரு வகை நோயா?

பதில்: நோய் என்றுதான் முதலில் எழுதிவைத்தார்கள். 1688ஆம் ஆண்டில் யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், பாசல் நகரில் அளித்த ஆய்வுரையில், ஊரைப் பிரிந்தவர்களை வாட்டிய ஏக்கத்துக்கு, வீடு திரும்புதலையும் வலியையும் குறிக்கும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து ‘நாஸ்டால்ஜியா’ என்று பெயரிட்டார். இன்றைய உளவியல் அவ்வளவு கடுமையாகப் பேசுவதில்லை. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வுகளில், மனம் சோர்ந்திருக்கும்போதும் தனிமை அழுத்தும்போதும்தான் இந்த ஏக்கம் அதிகம் எழுகிறது என்றும், பழைய நாளொன்றை நினைத்துப் பார்த்தவர்கள் தமக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வைத் திரும்பப் பெறுகிறார்கள் என்றும் கண்டார்கள். ஆகவே உங்களுக்குக் கிடைக்கும் ஆறுதல் பொய்யன்று.

அது ஏன் குறிப்பாக இளமையின் பாடல்களாகவே இருக்கிறது என்பதுதான் சுவையான கேள்வி. நடுவயதைக் கடந்தவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால், ஏறத்தாழ 10 வயதுக்கும் 30 வயதுக்கும் இடைப்பட்ட காலத்து நினைவுகளே மேடுபோல் குவிந்து நிற்பதை ஆய்வாளர்கள் பலமுறை கண்டிருக்கிறார்கள். முதல் நட்பு, முதல் சம்பளம், யாரிடமும் சொல்லாமல் விட்ட முதல் காதல் எல்லாம் அந்தப் பருவத்தில் நேர்ந்தவை. அப்போது பின்னணியில் ஒலித்துக்கொண்டிருந்த பாட்டும் அவற்றோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

இன்னொரு காரணத்தையும் சொல்ல வேண்டும். நம்மிடம் இருந்த கேசட்டுகள் சொற்பம். இருந்ததையே நாடா தேயும் வரை கேட்டோம். சிக்கிய நாடாவை மெல்ல வெளியே இழுத்து, பென்சிலைப் பல்சக்கரத்தில் நுழைத்துச் சுற்றிச் சரிசெய்து கேட்டோம். அதனால்தான் ஒரு பாடல் முடிந்ததும், அடுத்தது தொடங்குமுன் உள்ள அந்தச் சில நொடி மௌனத்தில், அதன் முதல் சுரத்தை மனம் தானாகவே முணுமுணுத்துவிடுகிறது. என்னிடம் இருந்த 60 நிமிடக் கேசட் ஒன்றில், பக்கத்துக்கு 30 நிமிடம்தான் என்பதால், கடைசிப் பாடல் இரண்டாம் சரணத்தின் நடுவில் ‘டக்’கென்று நின்றுவிடும். இன்று அந்தப் பாடலை முழுதாகக் கேட்கும்போதும் அந்த இடத்தில் என் காது ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் மேலே போகிறது. (மீதிச் சரணம் இன்றுவரை வேறு யாருடைய பாட்டோ போலத்தான் இருக்கிறது.)

உங்கள் உறுத்தலுக்கு வருகிறேன். பேச வேண்டிய ஒருவரிடம் பேசாமலிருக்கவும், முடிக்க வேண்டிய காரியத்தைத் தள்ளிப்போடவும் அந்தப் படங்கள் உதவுகின்றன என்றால் மட்டும் உறுத்தல் நியாயமானது. மற்றபடி, நாள் முழுதும் அடுத்து என்ன வருமோ என்று காத்துக் களைத்த மனம், அடுத்த காட்சி இன்னதென்று தெரிந்த படத்தின் முன் உட்கார விரும்புவதில் என்ன பிழை? வாரத்தில் ஒரு நாளாவது, அந்தப் பாடலை அந்நாளில் உங்களோடு சேர்ந்து கேட்டவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசிவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் காலத்துப் பாடல்களே உயர்ந்தவை என்றால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். தரம் இறங்கிவிட்டது உண்மைதானே?

பதில்: உங்கள் காலத்திலும் சகிக்க முடியாத பாடல்கள் மலிந்திருந்தன, அவற்றை எல்லோரும் மறந்துவிட்டதால் நல்லவை மட்டும் சபையில் நிற்கின்றன. இன்றைய பாடல்களை இன்னும் காலம் சலிக்கவில்லை. ‘எனக்குப் பிடிக்கும்’ என்று சொல்லிப் பாருங்கள், சிரிக்க மாட்டார்கள்.

கேள்வி: சிறுவயதில் உயிராக இருந்த தொலைக்காட்சித் தொடரை அண்மையில் ஆசையோடு பார்க்க உட்கார்ந்தேன். மூன்றாவது அத்தியாயத்திலேயே சலித்துவிட்டது. ஏன்?

பதில்: மூன்று அத்தியாயங்களையும் ஒரே மூச்சில் பார்த்திருப்பீர்கள். அன்று ஓர் அத்தியாயத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரு வாரம் இருந்தது. அந்த வாரம் முழுதும், கதாநாயகன் தப்பித்தானா இல்லையா என்று வகுப்பில் நீங்கள் போட்ட சண்டைதான் தொடரின் பாதி. அந்தப் பாதியை யாரும் பதிவுசெய்து வைக்கவில்லை. தொடரை மூடிவைத்துவிட்டு, அதன் தொடக்க இசையை மட்டும் ஒருமுறை கண்ணை மூடிக் கேளுங்கள்.