சித்தப்பா வீட்டு புளோக்

கேள்வி: சிங்கப்பூர்ல உங்க சித்தப்பா வீட்ல பத்து நாள் இருந்துட்டு வந்தீங்களாமே, அப்படி என்னதான் பார்த்தீங்க? (வாசகி, கும்பகோணம்)

பதில்: மெரினா பே எல்லாம் ஒரு சாயங்காலத்துல முடிஞ்சுபோச்சுங்க, மத்தபடி நான் வேடிக்கை பார்த்தது சித்தப்பா குடியிருக்கற எச்டிபி (அங்கத்த வீட்டுவசதி வாரியம்) புளோக்கைத்தான். அந்த ஊர்ல முக்கால்வாசிப் பேர் அரசாங்கம் கட்டின இந்த அடுக்குமாடியிலதான் இருக்காங்க, அதுலயும் ஒரே இனத்து ஆளுங்களே ஒரு புளோக்ல சேர்ந்துடக் கூடாதுன்னு 1989லேர்ந்து கோட்டா வேற, அதனால சித்திக்கும் எதிர்வீட்டு மலாய் அக்காவுக்கும் தினம் குழம்பு பண்டமாற்று நடக்குது, நம்ம ஊர்ல இருந்தப்ப பக்கத்துவீட்டு ஆளுகிட்ட சித்தி பேசினதே கிடையாது! கீழ்த்தளம் சுவரே இல்லாம வெறும் தூணா நிக்குது, வாய்ட் டெக்னு பேரு, மலாய்க்காரங்க கல்யாணமும் அங்கதான் சீனர் வீட்டு சாவுச் சடங்கும் அங்கதான். ஹாக்கர் சென்டர்னு சாப்பாட்டுக் கடைங்க ஒரே கூரைக்குக் கீழ இருக்கற இடம், அங்க சாப்பிட்ட தட்டை நாமளே எடுத்து வைக்கணும், 2021லேர்ந்து அது கட்டாயம், நான் பழக்கதோஷத்துல அப்படியே எழுந்து கைகழுவப் போக சித்தப்பா முறைச்சாரு பாருங்க! அப்புறம் டீ. சும்மா 'தே'ன்னா டின்பால் ஊத்தி இனிப்பா தர்றாங்க, பாலும் சர்க்கரையும் வேணாம்னா 'தே ஓ கோசோங்'னு சொல்லணுமாம், அது வாயில நுழையறதுக்குள்ள எனக்கு ரிட்டர்ன் ஃபிளைட்டே வந்துடுச்சு.