டர்ன்ஓவர் 2.4 மடங்கு, நாட்டின் குறியீடு 147: எதை எதோடு ஒப்பிடுவது?

கேள்வி: பண்ருட்டிக்குப் பக்கத்தில் காடாம்புலியூர் பகுதியில் எங்களுக்கு முந்திரி உடைக்கும் கம்பெனி இருக்கிறது. அப்பாவுக்குப் பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன். 2011-12ல் 94.6 லட்சமாக இருந்த டர்ன்ஓவர் 2023-24ல் 2 கோடியே 25 லட்சம். அப்போது 25 ஆள், இப்போது 14 ஆள். நாட்டின் தொழில் உற்பத்திக் குறியீடு இதே காலத்தில் 100லிருந்து 147 வரைதான் ஏறியிருக்கிறது. புது மெஷினுக்கு பேங்கில் லோன் கேட்கிறோம். அந்த ரிப்போர்ட்டில் "நாட்டைவிட வேகமாக வளர்ந்தோம், ஆளுக்கான உற்பத்தித்திறன் நான்கு மடங்குக்கு மேல் உயர்ந்தது" என்று எழுதலாமா? அப்பாவின் மூட்டைக் கணக்கு நோட்டைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.

பதில்: எழுதாதீர்கள். இரண்டு வரியும் நிற்காது. ஆனால் நோட்டை அனுப்பினீர்களே, அது நல்ல காரியம். புதுச்சேரி, கடலூர் பக்கம் தொழிற்சாலைப் படிவங்களோடு பல வருடம் அலைந்தவன் நான். பத்து கம்பெனிக்கு ஒன்றில்கூட இப்படி ஒரு நோட்டைப் பார்த்ததில்லை. எல்லோரும் ஆடிட்டர் கொடுத்த தாளைத்தான் நீட்டுவார்கள். அதில் ரூபாய் இருக்கும், சரக்கு இருக்காது.

முதலில் அந்த 147 என்ன என்று பார்ப்போம். அது ரூபாய்க் கணக்கு இல்லை. எத்தனை டன் சிமெண்ட், எத்தனை யூனிட் மின்சாரம், எத்தனை டன் சர்க்கரை என்று அளவைப் பார்த்துச் சொல்லும் எண். அளவாகச் சொல்ல முடியாத பொருளுக்கு விற்பனை மதிப்பை வாங்கி, மொத்த விலைக் குறியீட்டால் வகுத்து, விலை ஏற்றத்தை எடுத்துவிட்டுத்தான் உள்ளே சேர்ப்பார்கள். உங்கள் 2.4 மடங்கிலோ 12 வருட விலை ஏற்றமும் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறது. படி அளவையும் பண அளவையும் ஒரே தராசில் வைத்தால் தட்டு எந்தப் பக்கம் சாயும் என்று கேட்பதில் அர்த்தமில்லை.

அப்படியானால் உங்கள் கம்பெனிக்கு அதே முறையில் ஒரு குறியீடு போட்டுப் பார்க்கலாம். 80 கிலோ மூட்டைக்கு 20 கிலோ பருப்பு என்பது உங்கள் நோட்டிலிருந்தே தெரிகிறது. 2011-12ல் 1,150 மூட்டை உடைத்து 23,000 கிலோ பருப்பு எடுத்திருக்கிறீர்கள். 2023-24ல் 1,800 மூட்டை, 36,000 கிலோ. எடையை மட்டும் பார்த்தால் 100 என்பது 157 ஆகிறது.

ஆனால் பருப்பு எல்லாம் ஒரே பருப்பா? முழுப்பருப்பின் விலை வேறு, உடைசல் விலை வேறு. அப்போது கையால் உடைத்தீர்கள்: முழுசு 16,000 கிலோ, உடைசல் 7,000. இப்போது மெஷின்: முழுசு 22,000, உடைசல் 14,000. மெஷின் வேகமாக உடைக்கிறது, பருப்பையும் சேர்த்து உடைக்கிறது. இந்த வித்தியாசத்தைக் கணக்கில் கொண்டுவரத்தான் எடைமதிப்பு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். பழைய வருட விலையையே இரண்டு வருடத்துக்கும் போடுங்கள். 2011-12ல் முழுசு கிலோ 460, உடைசல் 300. அந்த விலையில் அன்றைய உற்பத்தி 94.6 லட்சம், இன்றைய உற்பத்தி 143.2 லட்சம். குறியீடு 151. நாட்டின் குறியீடும் இதே கதைதான்: 100 என்று வைக்கும் அடிப்படை ஆண்டின் எடைமதிப்பைப் பூட்டிவைத்துவிட்டு, அளவை மட்டும் மாதாமாதம் மாற்றிக்கொண்டே போவது. 2023-24 விலையை எடைமதிப்பாகப் போட்டால் உங்களுக்கு 154 வரும். எது சரி என்று கேட்காதீர்கள், இரண்டும் சரி. ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று எழுதிவையுங்கள்.

நாட்டுக் கணக்கில் பூட்டிவைக்கும் எடைமதிப்பு விற்பனை விலையிலிருந்து வருவதில்லை, மதிப்புக்கூட்டலிலிருந்து வருகிறது. காரணத்தை நெய்வேலியில் பார்க்கலாம். அங்கே வெட்டும் பழுப்பு நிலக்கரி சுரங்கப் பிரிவில் வருகிறது, அதையே எரித்து எடுக்கும் மின்சாரம் மின்சாரப் பிரிவில் வருகிறது. இரண்டையும் விற்பனை மதிப்பில் சேர்த்தால் நிலக்கரியை இரண்டு முறை எண்ணியதாகிவிடும். ஒவ்வொரு கட்டமும் புதிதாகச் சேர்த்ததை மட்டும் எடுத்தால் அந்தக் குழப்பம் இல்லை. அப்படிப் போட்டதில், 2011-12ஐ அடிப்படை ஆண்டாக வைத்த தொடரில் 100க்குச் சுரங்கம் 14.4, ஆலை உற்பத்தி 77.6, மின்சாரம் 8.

151ஐப் பார்த்ததும் "147ஐவிட நான்கு கூடத்தானே" என்று நீங்கள் நினைப்பது இங்கே கேட்கிறது. நோட்டைத் திருப்புங்கள். 2009-10ல் 1,380 மூட்டை. 2010-11ல் 1,420. 2011-12ல் 1,150. ஏன் விழுந்தது? 2012 ஜனவரி, பிப்ரவரிப் பக்கங்கள் ஏறக்குறைய காலி. ஓரத்தில் அப்பா கையெழுத்தில் "கரண்ட் இல்லை" என்று இருக்கிறது.

2011 டிசம்பர் 30, தானே புயல். கடலூர் மாவட்டத்தில் இருந்தவர்களுக்கு அந்தத் தேதியை நினைவூட்ட வேண்டியதில்லை. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்த அந்த வருடத்தைத்தான் நீங்கள் 100 என்று வைத்திருக்கிறீர்கள். அடிப்படை ஆண்டுக்கு ஒரே ஒரு தகுதிதான் வேண்டும்: சாதாரண வருடமாக இருக்க வேண்டும். இந்தியா முழுமைக்கும் 2011-12 சாதாரண வருடம்தான், ஒரு மாவட்டத்துப் புயல் நாட்டின் எண்ணை அசைக்காது. உங்களுக்கு அது படுத்த வருடம். படுத்தவன் எழுந்து உட்கார்ந்ததை வளர்ச்சி என்று சொல்லக் கூடாது. புயலுக்கு முந்தைய இரண்டு வருடச் சராசரி 1,400 மூட்டை. அங்கிருந்து 1,800 என்றால் 29 விழுக்காடு. நாட்டைவிட முந்தவில்லை, பின்தங்கியிருக்கிறீர்கள். கசப்புதான், ஆனால் உங்கள் நோட்டே சொல்கிறது.

இதே விளையாட்டு நாட்டுக் கணக்கிலும் நடக்கும். 2020 ஏப்ரலில் ஊரடங்கால் குறியீடு பாதிக்கும் கீழே போனது. அடுத்த வருடம் ஏப்ரலில் 130 விழுக்காட்டுக்கு மேல் "வளர்ச்சி" என்று வந்தது. பள்ளத்திலிருந்து மேட்டைப் பார்த்தால் மலையாகத்தான் தெரியும். ஆண்டுச் சராசரியாகப் பார்த்தால் 2018-19ல் 130, 2019-20ல் 129, 2020-21ல் 118, 2021-22ல் 132. மூன்று வருடம் ஓடி, கிளம்பின இடத்தைச் சற்றே தாண்டியிருந்தோம்.

உங்கள் நோட்டுப் பக்கம் காலியாக இருந்த அதே 2012 ஜனவரியில் நாட்டின் குறியீட்டுக்கும் ஒரு சங்கடம் நேர்ந்தது. அந்த மாத வளர்ச்சி 6.8 விழுக்காடு என்று மார்ச்சில் அறிவித்தார்கள். ஏப்ரலில் அதை 1.1 என்று திருத்தினார்கள். காரணம் சர்க்கரை. 58 லட்சம் டன் என்று இருக்க வேண்டிய இடத்தில் 134 லட்சம் டன் என்று ஏறிவிட்டது. ஒரே ஒரு பொருளில் விழுந்த ஒரே பிழை நாட்டின் வளர்ச்சியையே ஆறு மடங்காகக் காட்டியது. நெல்லிக்குப்பத்தில் அரவை சீசன் எப்போது, ஆலை எப்போது நிற்கும் என்று தெரிந்த யாரிடமாவது அந்த எண்ணைக் காட்டியிருந்தால் அன்றைக்கே கேட்டிருப்பார்கள். சர்க்கரையைப் போலச் சீசனில் ஓடும் தொழிலில் போன மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிடவே கூடாது. போன வருடம் இதே மாதத்தோடுதான் வைக்க வேண்டும். முந்திரிக்கும் அதேதான்.

அடுத்து உங்கள் இரண்டாவது வரி, ஆளுக்கான உற்பத்தித்திறன். இங்கேதான் தவறு பெரிது.

25 ஆள், 14 ஆள் என்கிறீர்கள். தோல் உரிக்க வீடுகளுக்கு அனுப்புகிறீர்களே, அவர்களை யார் எண்ணுவது? உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில் பத்துப் பெண்களுக்குக் கிலோ கணக்கில் கூலி கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சம்பளப் பதிவேட்டில் இல்லாதவர்கள் உழைப்பில் இல்லாமல் போய்விட மாட்டார்கள். ஆட்களைக் காண்ட்ராக்டுக்கும் வீட்டுக்கும் தள்ளிவிட்டு "உற்பத்தித்திறன் கூடியது" என்று சொல்லும் கம்பெனிகளை நிறையப் பார்த்துவிட்டேன், பெரிய கம்பெனிகளும் அதில் உண்டு.

ஆகவே தலையை எண்ணாதீர்கள், மணியை எண்ணுங்கள். புதுச்சேரிக்காரன் என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் பிடிவாதம் அதிகம். 1936 ஜூலை 30ல் இங்கே மில் தொழிலாளர்கள் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் இறந்த பிறகுதான் எட்டு மணி நேர வேலை சட்டமாக வந்தது. வேலை நேரம் குறைந்த அந்த வருடத்தில் தலைக்கு எத்தனை கஜம் துணி என்று கணக்கிட்டிருந்தால் உற்பத்தித்திறன் சரிந்ததாகத் தெரிந்திருக்கும். மணிக்கு எத்தனை கஜம் என்று கேட்டால்தான் உண்மை தெரியும்.

உங்களுக்கு: 2011-12ல் 25 பேர், தினம் 8 மணி, ஓடியது 230 நாள். மொத்தம் 46,000 மணி. 2023-24ல் 14 பேர், ஓவர்டைமோடு 9 மணி, 290 நாள், சுமார் 36,500 மணி. வீட்டு வேலை பத்துப் பேர், நாளுக்கு 4 மணி, 250 நாள், 10,000 மணி. மொத்தம் 46,500. ஆள் குறைந்தது, உழைப்பு குறையவே இல்லை.

இந்த மணிகளால் எதை வகுப்பது? டர்ன்ஓவரை வகுக்கக் கூடாது. டர்ன்ஓவரில் பெரும்பங்கு கொட்டை வாங்கிய காசு; அதை விளைவித்தவர் வேறு யாரோ, ஆப்பிரிக்காவிலும் இருக்கலாம். நாளைக்கே நீங்கள் சொந்தமாகக் கொட்டை வாங்குவதை நிறுத்திவிட்டு ஜாப் ஒர்க்காக உடைத்துக் கொடுத்தால் டர்ன்ஓவர் கால்வாசியாகிவிடும். வேலை அப்படியே இருக்கும். அதனால் விற்பனையிலிருந்து கொட்டை, மின்சாரம், பேக்கிங் போன்ற வெளியே வாங்கிய செலவைக் கழித்து மதிப்புக்கூட்டலை எடுங்கள். கூலியைக் கழிக்காதீர்கள், வட்டியையும் கழிக்காதீர்கள். அவை கூட்டிய மதிப்பைப் பங்கு போடும் வழிகள், செலவு இல்லை. ஆடிட்டர் பழக்கத்தில் லாபத்தைக் கொடுத்துவிடுவார், கேட்டு வாங்குங்கள். ஜிஎஸ்டியையும் வெளியே வையுங்கள்.

2011-12ல்: 94.6 லட்சத்தில் கொட்டைக்கு மூட்டை 5,600 வீதம் 64.4 லட்சம், மற்றவை 4 லட்சம். மீதி 26.2 லட்சம். 2023-24ஐயும் அதே பழைய விலையில் போடுங்கள், விற்பதற்கும் வாங்குவதற்கும் தனித்தனியாக: 143.2ல் கொட்டை 100.8, மின்சாரமும் மற்றவையும் 9. மீதி 33.4 லட்சம். மணிக்கு 57 ரூபாயாக இருந்தது 72 ரூபாய் ஆகியிருக்கிறது. 26 விழுக்காடு உயர்வு. நான்கு மடங்கு இல்லை.

விற்பதற்கு ஒரு விலைக் குறியீடு, வாங்குவதற்கு இன்னொன்று என்று பிரித்துச் செய்வதை இரட்டை விலைநீக்கம் என்பார்கள். கச்சாப் பொருள் விலையும் பருப்பு விலையும் ஒன்றாக ஏறி இறங்குவதில்லை என்பது உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? ஆனால் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்திக் கணக்கில், 2011-12 தொடரில், ஆலை உற்பத்திக்கு ஒற்றை விலைநீக்கத்தையே, அதாவது இரண்டுக்கும் சேர்த்து ஒரே விலைக் குறியீட்டையே வைத்திருந்தார்கள். எண்ணெய் விலை விழுந்த 2015 வாக்கில் இதனால் வளர்ச்சி கூடுதலாகத் தெரிகிறது என்று பொருளாதார அறிஞர்கள் வெகுநாள் சண்டை போட்டார்கள். என் கட்சி, சண்டை போட்டவர்கள் கட்சி.

அந்த 26ல் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. புயல் உங்கள் உற்பத்தியைச் சாய்த்தது, மணிக்கான கணக்கைச் சாய்க்கவில்லை. வேலை நடக்காத நாளில் மணியும் ஓடவில்லையே. எனவே உற்பத்திக்கு 2011-12ஐ அடிப்படையாக வைக்க முடியாவிட்டாலும் உற்பத்தித்திறனுக்கு வைக்கலாம்.

இந்த 26ம் ஆட்களால் வந்ததா, மெஷினால் வந்ததா என்றால், அதைப் பிரிக்க உழைப்போடு மூலதனத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்த பின்னும் விளக்க முடியாமல் மிஞ்சும் வளர்ச்சியை மொத்தக் காரணி உற்பத்தித்திறன் என்கிறார்கள். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மோசஸ் அப்ரமோவிட்ஸ் 1956லேயே அதற்கு "நம் அறியாமையின் அளவு" என்று பெயர் வைத்துவிட்டார். ஒரு கம்பெனிக்கு அது தேவையில்லை. துறைவாரியாகப் பார்க்க ஆசை இருந்தால் ரிசர்வ் வங்கி வெளியிடும் க்ளெம்ஸ் (மூலதனம், உழைப்பு, எரிசக்தி, பொருள், சேவை என்று பிரித்துக் காட்டும்) தரவில் 1980-81 முதல் 27 துறைகளுக்கு அந்தக் கணக்கு இருக்கிறது.

பேங்கில் எழுத வேண்டியது இவ்வளவுதான்: புயலுக்கு முந்தைய நிலையிலிருந்து உற்பத்தி அளவு 29 விழுக்காடு கூடியது, நிலையான விலையில் ஒரு மணி நேர உழைப்புக்கான மதிப்புக்கூட்டல் 26 விழுக்காடு கூடியது, முழுப்பருப்பு 100க்கு 70லிருந்து 61 ஆகக் குறைந்திருக்கிறது, புது மெஷின் கேட்பது அதைச் சரிசெய்யத்தான். மூன்றாவது வரிதான் லோன் வாங்கிக் கொடுக்கும். கடன் கொடுப்பவருக்கு நாடு எவ்வளவு வளர்ந்தது என்பதைவிட உடைசல் ஏன் கூடியது என்பதுதான் முக்கியம்.

ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பு போன்ற ஒன்றுக்கு என்றைக்காவது உங்கள் வாசலுக்கும் ஆள் வரலாம். கதவைச் சாத்தாதீர்கள். நீங்கள் கொடுக்கும் விவரம் 2008ஆம் ஆண்டுப் புள்ளியியல் சேகரிப்புச் சட்டப்படி புள்ளியியலுக்கு மட்டுமே, வரிக்காரர் கைக்குப் போகாது.

நாட்டின் குறியீட்டுக்கு அடுத்த அடிப்படை ஆண்டாக 2022-23ஐத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். உங்கள் நோட்டில் அந்த வருடத்துப் பக்கங்கள் முழுசாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் நீங்களும் அதற்கு மாறிவிடுங்கள், மூட்டைக் கணக்குக்குப் பக்கத்தில் மணிக் கணக்குக்கும் ஒரு கோடு போட்டு.