மறதி நோய் உள்ளவர் வீட்டை விட்டு வெளியே போய்விடுகிறார். இதை எப்படி மதிப்பிடுவது?

உங்கள் தாயார் இரண்டு முறை வீட்டை விட்டுப் போய்விட்டதாகவும், மருத்துவர் 'எப்படி அலைகிறார் என்று கவனித்துச் சொல்லுங்கள்' என்றதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அப்படிச் சொல்லும் மருத்துவர் கிடைத்ததே நல்லது. நான் மருத்துவன் அல்லன். ஆறு ஆண்டுகள் அப்பாவைப் பார்த்துக்கொண்டவன், அவ்வளவுதான்.

அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் பிட்டராக இருந்தவர். அவர் முதல்முறை காணாமற்போய் உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையில் கிடைத்தபோது, எத்தனை மணிக்குப் போனார், காலில் செருப்பு இருந்ததா என்றுகூடக் கேட்காமல் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். நடை நிற்கவில்லை, தள்ளாட்டம்தான் கூடியது. அந்தக் கோபத்தில் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் நானே எழுதத் தொடங்கினேன்.

மூன்று வாரத்தில் மூன்று விதமான நடை பிடிபட்டது. காலை ஆறரைக்குச் சட்டை மாட்டி, சாப்பாட்டுத் தூக்குடன் நேராக வாசலுக்குப் போவார்; அது வேலைக்குப் போகும் நடை. மாலை ஐந்துக்கு மேல் கூடத்துக்கும் கொல்லைக்குமாக ஓயாமல் நடப்பார். பின்னிரவில் மட்டும் வெறுங்காலுடன், வேட்டியைப் பிடித்தபடி தெருக்கதவின் தாழ்ப்பாளைத் தடவுவார், கழிவறையைத் தேடியிருக்கிறார். சிறுநீரைப் பரிசோதித்தால் கிருமித்தொற்று. அதற்கு மருந்து கொடுத்ததும் இரவு நடை பெரும்பாலும் அடங்கிவிட்டது. வலி, மலச்சிக்கல், பசி ஆகியவையும் இப்படி எழுப்பி நடக்கவைக்கும். மனநல மாத்திரைகள் சிலவற்றால் உட்கார முடியாத தவிப்பு வருவதும் உண்டு என்பதால், புது மாத்திரை தொடங்கிய தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

உடனிருப்பவர் நிரப்புவதற்கென்றே அல்கேஸ் அலைதல் அளவுகோல் என்ற கேள்விப்பட்டியல் இருக்கிறது. ஓயாமல் நடப்பது, வழி தவறுவது, வெளியேற முயல்வது ஆகியவற்றை அது தனித்தனியே கேட்கிறது. அந்தப் பிரிவினை முக்கியம். நாள் முழுதும் கூடத்தில் நடப்பவரைவிட, ஒரே முறை சத்தமில்லாமல் தாழ்ப்பாளைத் திறந்தவருக்கே ஆபத்து அதிகம். வீட்டருகே கிணறோ வாய்க்காலோ தண்டவாளமோ இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

'பெற்ற தகப்பனுக்குக் கணக்கெழுதுகிறாயா' என்று கேட்ட உறவினர்கள் எங்களுக்கும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட ஓர் இரவு வந்து விழித்திருக்கவில்லை. கட்டிப்போடவோ அறையில் பூட்டவோ நான் சொல்லவில்லை. 'இன்று பணிமனை விடுமுறை அப்பா' என்றால் தூக்கைக் கீழே வைத்துவிட்டுக் காப்பி கேட்பார். நோட்டு இல்லாவிட்டால் அந்த ஒரு சொல் எனக்குக் கிடைத்திருக்காது.

அந்த இரண்டு முறையும் உங்கள் தாயார் கையில் எதை எடுத்துக்கொண்டு போனார்? முதலில் அதை எழுதுங்கள்.