முயலின் தாடைக் கட்டி: கீறி எடுத்தும் ஏன் திரும்ப வருகிறது?

கேள்வி: எங்கள் முயலுக்கு நான்கு வயது. கீழ்த்தாடையில் வந்த கட்டியைக் கீறிச் சீழ் எடுத்தார்கள். இரண்டே வாரத்தில் அதே இடம் மறுபடி வீங்கிவிட்டது. முயலை விற்றவர், அமாக்ஸிசிலின் சிரப் ஊற்றினால் வற்றிவிடும் என்று ஒரு பாட்டிலும் கொடுத்திருக்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கவே கொடுக்காதீர்கள். முயலின் செரிமானம் பெரிதும் குடலில் வாழும் நல்ல கிருமிகளை நம்பித்தான் நடக்கிறது. அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின் போன்ற கிருமிக்கொல்லி மருந்துகள் வாய்வழியாகப் போனால் அந்த நல்ல கிருமிகள் அழிந்து, கிளாஸ்ட்ரிடியம் வகைக் கிருமி பெருகி நஞ்சைக் கக்கும், பேதி பிடுங்கி சில நாட்களில் முயல் செத்தே போகலாம். முயலை விற்றவர், மருந்தையும் சேர்த்து விற்பவர், 'என் முயலுக்குக் கேட்டது' என்பவர், இவர்கள் யாரும் உங்கள் முயலைச் சோதித்தவர்கள் இல்லை. செத்தபின் 'கட்டி முற்றிவிட்டது' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, அதில்தான் பலரும் குழம்புகிறார்கள். பென்சிலின் ஊசி. தாடைக் கட்டிக்கு நல்ல பலன் தரும் மருந்துகளில் அதுவும் ஒன்று, ஆனால் தோலுக்கு அடியில் போட்டால் மட்டும். அதே மருந்து வாய்க்குள் போனால் ஆபத்து. ஊசி போட பயமாக இருக்கிறது என்று அதையே சிரிஞ்சில் எடுத்து வாயில் விடாதீர்கள். போடும்போது ரோமத்தில் சிந்தினால் உடனே துடையுங்கள், முயல் நக்கிவிடும். மருத்துவர் ஊசியாகத் தருகிறார் என்பதால் அந்த சிரப்பும் சரிதான் என்று ஆகிவிடாது.

சரி, கட்டி ஏன் திரும்ப வந்தது? முயலின் சீழ் தண்ணீராக வடியாது, டூத்பேஸ்ட் மாதிரி கெட்டியாக இருக்கும். அதைச் சுற்றித் தடித்த உறை வேறு. கீறிப் பிதுக்கினால் கொஞ்சம் வரும், உறையும் கிருமியும் உள்ளேயே இருக்கும். பெரும்பாலும் மூலகாரணம் அதற்கும் ஆழத்தில், கடைவாய்ப் பல்லில். முயலின் பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்பவை. காய்ந்த புல், பச்சைப் புல் போதாமல் அரைத்துத் தேயாவிட்டால் வேர்ப்பக்கமும் நீண்டு தாடை எலும்பை அழுத்தும், கிருமி எலும்புக்குள் இறங்கும். விரலால் கீழ்த்தாடை விளிம்பைத் தடவிப் பாருங்கள், சிறு சிறு முண்டுகள் தட்டுப்படலாம். மோவாய் ரோமம் எச்சிலில் நனைந்து ஒட்டிக் கிடந்தாலும், மென்ற புல்லைப் பாதியில் கீழே போட்டாலும் பல்லைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

அதனால் மண்டை எக்ஸ்ரே பல கோணங்களில் வேண்டும், சிடி ஸ்கேன் கிடைத்தால் இன்னும் நல்லது. அப்புறம் அறுவை: உறையோடு கட்டியை எடுத்து, கெட்ட பல்லைப் பிடுங்கி, அழுகிய எலும்பைச் சுரண்ட வேண்டும். முழுதாக எடுக்க முடியாவிட்டால் புண்ணின் ஓரத்தைத் தோலோடு தைத்துத் திறந்தே வைத்து, தினமும் கழுவி உள்ளிருந்து ஆறவிடுவார்கள். வாரக்கணக்கில், சிலநேரம் மாதக்கணக்கில் மருந்து தொடரும்.

இந்தக் கட்டிகளில் காற்றில்லாமல் வாழும் கிருமிகள் அதிகம். வழக்கமாக எழுதித் தரும் என்ரோஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி அவற்றிடம் சரியாக எடுபடாது. கல்ச்சருக்கு, அதாவது என்ன கிருமி என்று ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, நடுச் சீழை எடுத்து அனுப்பினால் பெரும்பாலும் ஒன்றும் வளராது, உறையின் சுவரிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். காற்றில்லாக் கிருமிக்கான சோதனையே செய்யாமல் 'கிருமி இல்லை' என்று தாளை நீட்டும் ஆய்வகங்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. மாட்டையும் நாயையும் வைத்தே பாடம் நடத்தி முடிக்கும் படிப்பில் முயலுக்கு எத்தனை பக்கம் கொடுக்கிறார்கள்? அந்தக் குறைக்கு உங்கள் முயல் ஏன் வலியில் கிடக்க வேண்டும்?

நகவெட்டியால் பல்லை நறுக்கித் தருகிறேன் என்று வருபவரிடம் முயலைக் கொடுக்காதீர்கள். பல் நீளவாக்கில் பிளக்கும், அந்தப் பிளவு வழியாகக் கிருமி வேருக்கு இறங்கும்.

அறுவைக்கு நாள் குறிக்கும்போது வலிமருந்து என்ன தருவீர்கள், எழுந்ததும் எப்படி ஊட்டுவது என்று இப்போதே கேளுங்கள். அரைநாள் சாப்பிடாமல் இருந்தாலே முயலுக்கு அவசர நிலை, குடல் நின்றுவிடும். முயலால் வாந்தி எடுக்க முடியாது, ஆகவே மயக்கத்தில் வாந்தி வரக்கூடாதென்று நாய்க்குச் சொல்வதுபோல முந்தின இரவே பட்டினி போடச் சொன்னால், அங்கே முயலுக்கு அறுவை செய்து பழக்கமில்லை என்று அர்த்தம். வேறு மருத்துவரைத் தேடுங்கள்.