புதிதாகப் பட்டம் முடித்து வருகிறவர்களிடம் கம்பெனிக்காரர்கள் உண்மையில் எதைப் பார்க்கிறார்கள்?

ஐடி கம்பெனிக் கணக்கு வேறுங்க. நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசிங் பார்க்கிறேன், அதாவது ஆர்டர் வந்ததிலிருந்து சரக்கு அனுப்பும்வரை பின்தொடர்கிற வேலை. கல்லூரி முடிந்த கையோடு கோவை, ஈரோடு, கோபிப் பக்கமிருந்து பிள்ளைகள் பயோடேட்டாவோடு வருவார்கள். அவர்களை உட்கார வைத்துப் பேசுகிற வேலை என் தலையில்.

மார்க் ஷீட்டைக் கடைசியில்தான் புரட்டுவேன். முதலில் மேசைமேல் ஒரு டி-சர்ட், ஒரு இஞ்ச் டேப், ஒரு வெள்ளைத்தாள். "ஜிஎஸ்எம் 180. இதுக்கு எத்தன கிராம் துணி ஆகுமுங்க தம்பி, தோராயமாச் சொல்லுங்க" என்பேன். ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது. உடம்பு நீளம், கை நீளம், தையலுக்கு விடுவது எல்லாம் சேர்த்து 100 செ.மீ., அகலம் 56, முன்னும் பின்னும் இரண்டு பக்கம். மொத்தம் 1.12 சதுர மீட்டர். 180-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 202 கிராம். பள்ளிக்கூடக் கணக்குதான். சூத்திரம் தெரியாவிட்டால் பரவாயில்லை, டேப்பைக் கையில் எடுக்கிறாரா என்றுதான் பார்ப்பேன். பலர் போனை எடுப்பார்கள். பீஸுக்கு 10 கிராம் தப்பினால் 10,000 பீஸ் ஆர்டரில் 100 கிலோ துணி போச்சு.

இரண்டு வருசம் முன்னால் ஒரே வாரத்தில் இரண்டு பேரைச் சேர்த்தேன். ஒருத்தர் ஜவுளிப் பொறியியல், நல்ல மார்க். இன்னொருத்தர் பி.காம் படித்த பெண். இருவருக்கும் டையிங் ஃபாலோ-அப், அதாவது சாயம் போடக் கொடுத்த துணியைத் துரத்திப்பிடித்து வாங்குகிற வேலை. தம்பி தினமும் போன் போட்டுவிட்டு, "கேட்டனுங் சார், நாளைக்கு அனுப்பறோம்னாங்க" என்பார். அந்த 'நாளைக்கு' நாலு நாள் ஓடியது. துணி மிஷினிலேயே ஏறவில்லை என்று வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது. திங்கட்கிழமையே சொல்லியிருந்தால் வேறு டையிங்கில் போட்டிருக்கலாம். ஏர் ஃபிரைட்டில் அனுப்பினோம், அந்த ஆர்டர் லாபம் அதிலேயே கரைந்தது. அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். கெட்ட சேதி சொன்னால் திட்டு விழும் என்று படிக்கிற காலத்திலேயே பயந்து பழகிவிடுகிறார்கள்.

அந்தப் பெண் வேறு மாதிரி. வந்திறங்கிய 12 ரோலிலும் முனையில் ஒரு துண்டு வெட்டி, நம்பர் எழுதி, வரிசையாக மேசையில் பரப்பி வைத்திருந்தார். "சார், ஏழும் ஒம்பதும் கொஞ்சம் மஞ்சளடிக்குது. கட்டிங்குக்கு விடலாமுங்களா?" நிறம் ஒப்பிடுகிற லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்தால் வாஸ்தவம்தான். அப்படியே விட்டிருந்தால் உடம்பு ஒரு நிறம், கை ஒரு நிறம். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை.

இங்கிலீஷ்? ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டுப் பையருக்கு மூன்று வரி எழுதினால் போதும்: என்ன ஆச்சு, என்ன செய்யப்போகிறோம், எந்தத் தேதிக்கு முடியும். அமெரிக்கப் பையருக்கு 05/06 என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நமக்கு அது ஜூன் 5, அவர்களுக்கு மே 6. மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். அரசின் 'நான் முதல்வன்' திறன் பயிற்சிச் சான்றிதழ் கொண்டுவருகிறவர்களிடமும் லேப்டாப்பைத் திருப்பி, எக்செல்லில் ஓர் ஆர்டரை சைஸ் வாரியாக, கலர் வாரியாகக் கூட்டச் சொல்வேன்.

திருப்பூருக்கு நேர்காணலுக்கு வருவதானால், காதர்பேட்டையில் ஒரு டி-சர்ட் வாங்கி, வீட்டில் தையலைப் பிரித்துக் கை, உடம்பு, காலர் எல்லாம் தனித்தனியாக அளந்து பாருங்கள். நான் கேட்கப்போவதும் அதைத்தான்.